நெத்திலிக்கு மேலே தொங்கிய இரண்டாம் டிஸ்க்

எங்கள் வீட்டு பீரோவுக்கு நாலு கால். அதில் இரண்டு இப்போது செங்கல். லைட்ஹவுஸ் குப்பத்து உப்புக்காற்று இரும்பைத் தின்னும் வேகத்துக்கு, மற்ற இரண்டும் இன்னும் இரும்பாகவே இருப்பது ஆச்சரியம்தான். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பீரோ. மேல்தட்டில் அம்மாவின் புடவைகள், ரேஷன் கார்டு, நைனாவின் மீனவர் அட்டை. கீழே உள்ள தட்டுகள் எல்லாம் என் ராஜ்யம்: கேசட்டுகள், விசிடிக்கள், டிவிடிக்கள். அங்கே கொள்ளாதவை கட்டிலுக்கடியில் இரண்டு தெர்மாகோல் பெட்டிகளில் இருக்கின்றன. ஐஸ் போட்டு இறால் அனுப்பும் பெட்டிகள். டிஸ்க் வைக்க அதைவிட நல்ல பெட்டி உலகத்திலேயே கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன். மூடினால் காற்றுப் புகாது, பூஞ்சை வராது. இறால் வாசனை மட்டும் போகாது. என் சேகரிப்பில் இருக்கும் எந்தப் படத்தையும் கண்ணைக் கட்டிவிட்டு மூக்குக்கு நேரே நீட்டினால், படத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அது என்னுடையது என்று யாரும் சொல்லிவிடலாம்.

கல்லூரிக்குப் பொன்னேரி போய்வந்த காலத்தில் ஆரம்பித்த வியாதி இது. சாயங்காலம் திருப்பாலைவனம் வழியாக வரும் பஸ் பழவேற்காடு பஜாரில் இறக்கிவிடும். அங்கிருந்து குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ நிறையும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்துக்கு எதிரே ஒரு பாய் கடை. ஒரு காலத்தில் சிடி வாடகைக்கு விட்ட கடை; இப்போது ரீசார்ஜ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பழைய சரக்கெல்லாம் பின்னறையில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கிடந்தது. ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியவள் அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டேன். ஆட்டோ நிறைந்து, போயும் விட்டது.

"இன்னா பொண்ணு, இத்தெல்லாமா பாக்கற?" என்றார் பாய். "இன்னிக்கு நாய்கூட மோந்து பாக்காது இத்த."

"பாய், இதுல பாட்டு எழுதினவர் பேரு, வயலின் வாசிச்சவர் பேருகூட அட்டைல போட்டுகிறாங்க. போன்ல வருமா இது?"

அவர் ஜெராக்ஸ் மெஷினை அணைத்துவிட்டுப் பின்னறை விளக்கைப் போட்டார். "எங்க ஊட்டாளுங்கல்லாம் அந்தக் காலத்துல கப்பல்ல யாவாரம் பண்ணவங்க. நான் இந்தப் பொட்டில யாவாரம் பண்ணேன். ரெண்டும் முங்கிடுச்சி. இன்னா வேணுமோ எடுத்துனு போ."

அன்றிலிருந்து வாரம் ஒரு பை வீட்டுக்கு வந்தது. கூடவே எனக்கு ஒரு பிரசங்கமும் வந்து சேர்ந்தது. வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள், இறால் உரிக்கும் அக்காக்கள், தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பவர்கள், யாரையும் நான் விட்டுவைக்கவில்லை. "ஆப்ல இருக்கிற படம் நம்ம படம் கிடையாது, தெரியுமா? வாடகை வீடு மாதிரி. இன்னிக்கு இருக்கும், நாளைக்கு எடுத்துடுவான். அவன் இஷ்டத்துக்கு வெட்டுவான், மாத்துவான், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. கைல டிஸ்க் இருந்தாதான் படம் நம்முது." அப்போது நான் பாதி பார்த்து வைத்திருந்த ஒரு படம் மறுநாள் காலையில் ஆப்பிலிருந்து காணாமல் போயிருந்தது. அந்தக் கோபத்தில் சொன்னது. அக்காக்கள் தலையாட்டிக்கொண்டே இறாலின் தலையைத் திருகினார்கள். நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தேன். வாங்கியிருக்கிறார்கள். அது பின்னால் வரும்.

இத்தனை டிஸ்குகளிலும் ஊருக்கு முக்கியமானது ஒன்றே ஒன்றுதான். அது பாய் கடை மூட்டையில் வந்ததல்ல. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டுக்கு முதல் பிளேயர் வந்தபோது, நைனா அதே பாயிடம் வாங்கிவந்த படம். அண்ணன் தம்பி கதை. தியேட்டரில் ஓடியதாக யாருக்கும் தெரியாது. டிவியிலும் போட்டதில்லை. ஒரு உறையில் இரண்டு டிஸ்குகள். முதல் டிஸ்கில் இடைவேளைவரை, இரண்டாவதில் மிச்சம்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அது நெத்திலி சீசன். மணலில் பழைய வலையை விரித்து அதன்மேல் நெத்திலியைக் காயப்போட்டால், குப்பத்துக் காக்கைகள் எல்லாம் பந்திக்கு வந்தவை மாதிரி வரிசையாக உட்காரும். அவற்றை விரட்ட மூங்கில் நட்டு, கயிறு கட்டி, அதில் பளபளவென்று எதையாவது தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா உறையைத் திறந்தாள். உள்ளே ஒரே மாதிரி இரண்டு தட்டு. ஒன்றை எடுத்துக் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டிவிட்டாள்.

அந்த நாட்களில் நைனாவுக்குக் கடலில் நல்ல பாடு, வலை நிறைய மீன். வந்து விழுந்து தூங்கவே நேரம் சரியாக இருந்தது. சீசன் முடிந்து, ஒருநாள் சாவகாசமாக அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுப் படம் போட்டார். தம்பி வீட்டைவிட்டு வெளியேறும் இடத்தில் இடைவேளை வந்தது. இரண்டாவது டிஸ்கைத் தேடினால் இல்லை.

"ஒரே படம் ரெண்டு கீதேன்னு ஒன்ன எடுத்துக் காக்காவுக்குக் கட்னேன்," என்றாள் அம்மா. "ஒன்னு ஸ்பேருனு நெனச்சிகினேன்."

"சைக்கிள் டயராடி அது, ஸ்பேரு வாங்க?" என்றார் நைனா.

ஓடிப்போய்க் கழற்றிவந்து, புடவை முந்தானையால் துடைத்துப் போட்டார்கள். காற்றில் சுற்றிச் சுற்றி, பக்கத்து மூங்கிலின் கணுவில் இடித்து இடித்து, டிஸ்கின் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே வளையம் போட்டாற்போல் தேய்ந்திருந்தது. டிஸ்க் நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக ஓடும். ஆகவே படத்தின் நடுப்பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளைமாக்ஸில்தான் கணு விழுந்திருந்தது.

கொட்டும் மழையில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அண்ணன் கையில் அரிவாள். அண்ணன் ஓர் அடி எடுத்து வைக்கிறான். அவ்வளவுதான், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, கர்புர் என்கிறது, அப்புறம் ஒரே தாவு. பட்டப்பகல். பந்தல். குடும்பமே வரிசையாக உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிடுகிறது. அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறுகிறாள். வணக்கம்.

இந்தத் தாவலைக் குப்பம் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. மழையில் சண்டை, மறுநாள் விருந்து. நடுவில் என்ன நடந்திருக்கும்? சமாதானம்தான். அம்மாக்காரி அழுவது ஆனந்தக் கண்ணீர். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் முதல்முறை எழுந்தது: பந்தியில் தம்பியைக் காணோமே? அதையும் எங்கள் ஆட்கள் தீர்த்துவிட்டார்கள். இலையை உற்றுப் பார்த்தால் சாம்பார், பொரியல், அப்பளம். மீன் இல்லை. இவ்வளவு பெரிய விருந்தில் மீன் இல்லாமல் இருக்குமா? இல்லையென்றால் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம். தம்பி மீன் பிடிக்கப் போயிருக்கிறான். வந்ததும் குழம்பு. இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

இந்த முடிவு என் நைனாவையே தொட்டது. அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும், அதாவது என் பெரிநைனாவுக்கும், ஒரு படகு இஞ்சின் விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. ஒருவர் விற்றுவிடலாம் என்றார், மற்றவர் ரிப்பேர் செய்யலாம் என்றார். ஒரே படகில் போவார்கள், ஆனால் நடுவில் நிற்கும் ஆளிடம் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள். "அவுர வலைய உடச் சொல்லு." "உட்டாச்சினு சொல்லு." படம் முடிந்த அன்று பெரிநைனா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நம்ம ஊட்லயும் நாளைக்கு வஞ்சிரம்தான்," என்றார். நைனா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். இஞ்சின் ரிப்பேர் ஆனது. அந்த வருஷ ஆடித் திருவிழாவில் அம்மன் கோயிலெதிரே அந்தப் படத்தையே போடச் சொன்னார் பெரிநைனா. அவர் ஊர்ப் பெரியவர்களில் ஒருவர். அன்றிலிருந்து வருஷா வருஷம் கூழ் ஊற்றி முடித்தால் அந்தப் படம்தான். மழையில் அரிவாளோடு அடி எடுத்து வைக்கும் இடம் வந்ததும் ஊரே ஒன்றாக "கர்புர்" என்று சத்தம் போடும். அது இப்போது திருவிழாவில் ஒரு சடங்கு.

இப்படி இருந்த நேரத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆவணியில் முகூர்த்தம். அம்மாவின் பார்வை பீரோமேல் விழுந்தது.

"வர்ற பொண்ணு துணிய எங்க வைக்கும்? மீன் கூடையிலயா? இந்தக் குப்பையெல்லாம் இரும்பு வண்டிக்காரன் வந்தா எடுத்துப் போட்டுடு."

"மா, இது குப்பை இல்ல. கலெக்‌ஷன்."

"சுனாமிக்கப்புறம் எங்கூட்டு வாசல்லயும் இப்டிதான் கெடந்துச்சி கலெக்‌ஷன்."

அண்ணன் கட்டிலில் படுத்தபடி போனை நெஞ்சில் நிறுத்திவைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்: "ஏய், உன் பீரோ மொத்தமும் இதுக்குள்ள கீது. அதுக்கு மேலயும் கீது. இன்னாத்துக்கு வூட்ட அடச்சினு? உங்க திருவிழாப் படமே ஒரு ஆப்ல வந்துடுச்சி. நல்ல பிரின்ட்டு. கோடே கெடயாது."

அந்தப் படத்தின் வேறொரு பிரதிக்காகப் பொன்னேரி, சென்னை நடைபாதை எல்லாம் அலசியிருக்கிறேன். பாயிடம் கேட்டுக் கேட்டு, அவர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே "இல்ல" என்று கையை ஆட்டும் அளவுக்கு வந்திருந்தார். அந்த அரிவாளுக்கும் அப்பளத்துக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்ற வெறி ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. இப்போது அது அண்ணனின் நெஞ்சின்மேல் இருக்கிறது. ஆனால் கேட்டு வாங்கிப் பார்த்தால் அவன் ஜெயித்த மாதிரி. பார்க்கவில்லை.

நைனா வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இந்தத் திருவிழாவுக்கு அவன் போன்லயே ஓடட்டும். ஒழுங்கா ஓடி முடிஞ்சா, டப்பாவெல்லாம் வண்டிக்காரனுக்குப் போட்டுடுவோம். நடுவுல மக்கர் பண்ணா, பீரோ இவளுக்கே. சரியா?"

நான் உடனே சரி என்றேன். குப்பத்தில் நெட்வொர்க் எப்படி என்று எனக்குத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திரா. காற்று கொஞ்சம் மாறி அடித்தால் போதும், எங்கள் போன்கள் எல்லாம் அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் வரவேற்கும். நைனா என்று கூப்பிடும் வீட்டிலேயே அதற்கு மேல் தெலுங்கு தெரியாது. திருவிழா அன்று ஊர் முழுக்கப் போன் இருக்கும்போது முழுநீளப் படம் ஓடுமா? நான் டிஸ்க் பிளேயரைத் துடைத்துத் தயாராக வைத்தேன். வண்டிக்காரன் வந்து மணியடித்தபோதுகூடச் சிரித்துக்கொண்டே அனுப்பினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். என் அண்ணன் கடலுக்குப் போகிறவன். எதையும் உயரத்தில் கட்டத் தெரிந்தவன்.

திருவிழா அன்று திருப்பாலைவனத்திலிருந்து மைக் செட்காரர் புரொஜெக்டரோடு வந்தார். ஆடிக் காற்று சுழற்றி அடித்தது. மற்ற ஊரில் திரை கிழிந்துபோகும். எங்கள் ஊரில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, காற்றுக்கு எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவு விட்டு, பாய்மரம் மாதிரிக் கட்டிவிட்டார்கள். பிறகு அண்ணன் தன்னுடைய இன்னொரு போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நீண்ட மூங்கிலின் நுனியில் கட்டி, நாலு பக்கமும் கயிறு இழுத்து நட்டான். அது மேலே நின்று நெட் பிடிக்கும். கீழே இருக்கும் போன் அதிலிருந்து வாங்கிப் படம் காட்டும்.

"கொடிமரம் அம்சமா கீது," என்றார் பெரிநைனா.

பொழுது சாய்ந்ததும் படம் ஆரம்பித்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, எப்போது சுற்றும் அந்த வட்டம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. படம் கண்ணாடி மாதிரி ஓடியது. நாங்கள் இத்தனை வருஷமும் பச்சை என்று நினைத்திருந்த புடவை நீலம் என்று தெரிந்தது. ஒரே ஒருமுறை நின்றது. கல்யாணப் பெண்ணின் அப்பா மூங்கில் நுனியில் இருந்த போனுக்கு அழைத்துவிட்டார். உச்சியிலிருந்து பக்திப் பாட்டு கேட்டது. ஊரே தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எறக்கி எடுத்துப் பேசுடா, மாமனாரு," என்றாள் அம்மா.

"அப்புறமா பேசிக்கறேன்."

"எடுக்கலன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கடா."

நாலு பேர் கயிற்றைத் தளர்த்தி மூங்கிலை இறக்கினார்கள். அண்ணன் மணலில் மண்டியிட்டு, மூங்கிலின் நுனியில் வாயை வைத்து, "ஆங் மாமா, சாப்ட்டீங்களா மாமா," என்று பேசினான். மறுபடியும் நட்டார்கள். நான் நைனாவைப் பார்த்தேன். "இது மக்கர்ல சேராது, இது மாமனாரு," என்று தள்ளிவிட்டார்.

இடைவேளை தாண்டியது. கேசட் உறைகளின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்துபோயின. இரும்பு வண்டிக்காரன் அவற்றை என்ன செய்வான்? எடைபோடுவான். வயலின் வாசித்தவர் பேரையும் சேர்த்து எடைபோடுவான்.

மழைக்காட்சி வந்தது. அண்ணன், தம்பி, அரிவாள். அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தான். ஊர் மொத்தமும் பழக்கதோஷத்தில், "கர்புர்" என்று கத்தியது.

படம் உடையவில்லை. அண்ணன் இரண்டாவது அடி எடுத்து வைத்தான். மூன்றாவது அடியும் வைத்தான். வெட்டிவிட்டான்.

கூச்சல் பாதியில் நின்றது. தம்பி சேற்றில் விழுந்தான். அம்மாக்காரி ஓடிவந்து மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்கு ஒரு பாட்டே இருந்தது, முழுப் பாட்டு, நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டிராத பாட்டு. பிறகு தம்பியின் போட்டோ, அதற்கு மாலை, குத்துவிளக்கு. பிறகு எங்களுக்குத் தெரிந்த பந்தல், எங்களுக்குத் தெரிந்த வாழை இலை, சாம்பார், பொரியல், அப்பளம். கருமாதிச் சாப்பாடு. இத்தனை வருஷமாக நாங்கள் கைதட்டியது ஒரு கருமாதிக்கு.

வணக்கம் போட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. மூங்கில் நுனியில் பிளாஸ்டிக் கவர் படபடத்துக்கொண்டிருந்தது.

நைனாவும் பெரிநைனாவும் எப்போதும்போல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிநைனாதான் முதலில் வாய் திறந்தார்.

"இன்னாடா இது, நெஜமாவே வெட்டிட்டான்?"

"என்னக் கேட்டா?" என்றார் நைனா. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"நீ ஏண்டா தள்ளிப்போற?"

"காத்து வரட்டும்னு."

"காலைல ரெண்டு பேரும் ஒரே போட்ல போவணும். ஞாபகம் வச்சிக்க."

"அதான் யோசன பண்றேன்."

பின்னால் இருந்து ஓர் இறால் அக்கா எழுந்தாள். என்னை நேராகக் கை காட்டினாள். "இந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சி. ஆப்காரன் இஷ்டத்துக்கு வெட்டுவான், மாத்துவான்னு. சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்க்கா. ஆனா—"

"பாத்துக்குங்க. நல்லா இருந்த குடும்பத்த மாத்தி வச்சிகிறான்."

"அந்தத் தம்பி மீன் புடிக்கல்ல போனான்?" என்றது ஒரு குரல்.

"போனவன இட்டுனு வந்து வெட்டிகிறானுங்க," என்றது இன்னொன்று.

என் பிரசங்கம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எனக்கே தெரியாமல் எல்லோரும் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். வாடகை வீடு உவமைகூடத் திரும்பி வந்தது: "வாடகை வூட்ல ஓனரு இப்டிதான் செவுத்த இடிப்பான்." நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பீரோ எனக்கு. ஆனால் நான் ஒழுங்கான சேகரிப்பாளர். ஒரு படத்தின் எந்தப் பிரதி அசல், எது சேதமான பிரதி என்பதில் பொய் சொன்னால் அப்புறம் எதற்கு டிஸ்க் சேர்ப்பது? எழுந்து நின்றேன்.

"பெரிநைனா, யாரும் ஒன்னும் மாத்தல. இதான் மெய்யான படம். நம்ம டிஸ்க்லதான் அந்த எடம் தேஞ்சிபோச்சி. அம்மா காக்காவுக்குக் கட்னதுல தேஞ்சிது. அது கருமாதிச் சாப்பாடு. அதனாலதான் எலைல மீனு இல்ல."

சொல்லி முடித்ததும் பீரோவுக்கு மானசீகமாக விடை கொடுத்தேன்.

ஊர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. பெரிநைனா மெதுவாகத் தலையை ஆட்டினார். "படிச்ச புள்ள. பாவம், நெறய பாத்துப் பாத்துக் கொழம்பிடுச்சி." பிறகு என் அண்ணனிடம் திரும்பினார். "டேய், அந்தக் கொம்ப எறக்கு. நீ போம்மா, போயி நம்ம படத்த எடுத்துனு வா. இத்தோட படுத்தா எவனுக்கும் தூக்கம் வராது."

ஓடினேன். இரண்டாம் டிஸ்கை மட்டும் எடுத்துவந்தேன். மைக் செட்காரர் பிளேயரின் ஒயரைச் செருகினார். பச்சைப் புடவை மறுபடி பச்சையானது. மழை வந்தது. அரிவாள் வந்தது. ஓர் அடி. ஊரே தொண்டை கிழிய "கர்புர்" என்றது, டிஸ்கும் கர்புர் என்றது, பந்தலில் வெயிலடித்தது. அந்தக் கைதட்டல் மாதிரி நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை.

"பாத்தியா," என்றார் பெரிநைனா, திரையில் இருந்த இலையைக் காட்டி. "மீனு இன்னும் வர்ல."

நைனா பழைய இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "வந்துடும்," என்றார்.

அண்ணன் மட்டும் ஓரமாக நின்று மூங்கிலிலிருந்து போனை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "மக்கரே பண்ணல நைனா," என்றான். "ஒழுங்காதான் ஓடுச்சி."

"ஒழுங்கா ஓடுச்சிடா. அதான் மக்கரு," என்றார் நைனா.

தோற்றவள் ஜெயித்தாளா, ஜெயித்தவள் தோற்றாளா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. டிஸ்க் என்றால் கோடு விழாத, மாறாத, துல்லியமான பிரதி என்று ஊர் ஊராகப் பேசியவள் நான். என் சேகரிப்பைக் காப்பாற்றியது அதில் இருந்த கோடு. பாயிடம் போய்ச் சொன்னபோது ஜெராக்ஸ் மெஷின்மேல் சாய்ந்து சிரித்தார். "கம்பெனிக்காரன் இன்னாதான் கோடி கோடியா போட்டு எடுத்தாலும், உங்கம்மா மாதிரி எடிட் பண்ண ஆளு இல்லம்மா."

பீரோ எனக்கே என்று தீர்ப்பானாலும், வந்த அண்ணிக்கு நடுத்தட்டு ஒன்றைக் காலி செய்து கொடுத்தேன். முதல்நாள் புடவையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அண்ணி என்னைக் கூப்பிட்டு, "உங்க சினிமாவெல்லாம் எந்த ஊர் கருவாடு?" என்று கேட்டார். நல்ல பெண். சாயங்காலங்களில் நாங்கள் இருவரும் கேசட் போட்டுக் கேட்கிறோம்.

பெரிய மாற்றம் அம்மாவிடம்தான். குப்பை என்ற வார்த்தை வீட்டிலிருந்து மறைந்துவிட்டது. தன் கைவரிசையால்தான் ஊர் ஒற்றுமையாக இருக்கிறது என்று அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நான்தான் அன்றைக்கு மைக் இல்லாமலே சொன்னேனே. என் விளக்கத்தில் கருமாதியை விட்டுவிட்டு, காக்காவுக்குக் கட்டிய பகுதியை மட்டும் ஊர் ஏற்றுக்கொண்டது. இந்த நெத்திலி சீசனில் இறால் அக்கா வீட்டுக்கு வந்தாள். பீரோமுன் இரண்டு பேரும் குந்திக்கொண்டு உறைகளைப் புரட்டினார்கள்.

"அந்தப் பொண்ணு கடைசில காச்சல் வந்து செத்துப்பூடுமே, அந்தப் படம் கீதா?" என்று கேட்டாள் அக்கா. "எம் பொண்ணு பாத்துட்டு ராவெல்லாம் அழுவுது."

அம்மா உறையைத் திறந்து இரண்டு டிஸ்குகளையும் என்னிடம் நீட்டினாள். "ஏண்டி, இதுல ரெண்டாவது எது? கணு நல்லா பொடச்ச மூங்கிலா ஒன்னு பாத்து வச்சிகிறேன்."

நான் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிறகு இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். கட்டிலுக்கடியில் தெர்மாகோல் பெட்டியில் அதே படத்துக்கு இன்னொரு பிரதி, கோடு விழாதது, பத்திரமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. வெளியே நெத்திலிக்கு மேலே டிஸ்க் சுழல ஆரம்பித்துவிட்டது. படத்துப் பெண்ணுக்கு எப்படியும் இந்த சீசன் முடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும் என்கிறாள் அம்மா.